முதல் வரைவோடு வாருங்கள்

வாசகர் கேள்வி - பதில்: இளநிலை ஆய்வும் உதவித்தொகை விண்ணப்பமும்

இளநிலைப் படிப்பின்போதே ஆய்வில் ஈடுபடுவது குறித்தும், உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிப்பது குறித்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் ஆறுக்கு இவ்விதழில் பதில் இடம்பெறுகிறது. பல்கலைக்கழக ஆலோசனை அலுவலகம் ஒன்றில் நெடுங்காலமாக மாணவர்களின் வரைவுகளைப் படித்துவருபவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: நான் இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவன். ஆய்வில் சேர்த்துக்கொள்ளுமாறு பதினாறு பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவர் மட்டும் இடமில்லை என்று பதில் எழுதினார். என் மதிப்பெண்கள் நடுத்தரமானவை. அதுதான் காரணமா?

நீங்கள் இணைத்திருந்த மின்னஞ்சலைப் படித்தேன். மதிப்பெண் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பதினாறு பேருக்கும் ஒரே கடிதம் சென்றிருக்கிறது. 'தங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு' என்கிறீர்கள், ஆனால் எந்த ஆய்வு என்று எங்கும் சொல்லவில்லை. இத்தகைய கடிதங்கள் ஒரு பேராசிரியருக்கு வாரந்தோறும் வருகின்றன. அவற்றை அவர் படிக்காமல் விடுவது அலட்சியத்தால் அல்ல. பதில் சொல்வதற்கு அவற்றில் எதுவும் இருப்பதில்லை.

பதினாறு பேரை மூவராகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் அண்மையில் வெளியிட்ட ஒரு கட்டுரையின் முன்னுரையையும் முடிவுரையையும் பொறுமையாகப் படியுங்கள். பாதிக்கு மேல் புரியாது. இரண்டாம் ஆண்டில் அது இயல்பே. எந்த இடத்தில் புரியாமல் நின்றீர்களோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அதையே கடிதத்தில் கேள்வியாக எழுதுங்கள். நீங்கள் யார், எதைப் படித்தீர்கள், எங்கே ஐயம் எழுந்தது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர இயலும் என்று நான்கைந்து வாக்கியங்கள் போதும். இடம் கேட்காமல், பதினைந்து நிமிடம் பேச நேரம் கேளுங்கள். பதில் வராவிட்டால் பத்து நாட்கள் கழித்து ஒருமுறை மட்டும் நினைவூட்டுங்கள்.

பலர் தவறவிடும் இன்னொரு வழியும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் உங்களுக்கு அன்றாடம் வேலை கற்றுத்தரப்போவது பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்தான். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் நடத்தும் 'ரைஸ்' கோடைக்காலத் திட்டம் இதை வெளிப்படையாகவே ஏற்று, வெளிநாட்டு இளநிலை மாணவர் ஒவ்வொருவரையும் அங்குள்ள முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவருடன் இணைக்கிறது. உங்கள் துறையிலும் அப்படிப்பட்ட ஒருவரை அணுகிப் பேசுவதில் தவறில்லை. கோடைக்காலத் திட்டங்களுக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால், தகுதி விதிகளை முதலில் படியுங்கள். எடுத்துக்காட்டாக, அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதியளிக்கும் இளநிலை ஆய்வுத் திட்டத்தில் ஊக்கத்தொகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே உரியது. இதை அறியாமல் ஒரு மாதம் உழைத்து விண்ணப்பம் எழுதிய மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அந்த உழைப்பு வீணாகும்போது உண்டாகும் சோர்வு அடுத்த விண்ணப்பத்தையும் பாதிக்கிறது.

கேள்வி: ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. கண்ணாடிக் கலங்களைக் கழுவுவதும், எண்களை அட்டவணையில் ஏற்றுவதும் தவிர வேறு வேலை தரப்படவில்லை. இதை ஆய்வு என்று விண்ணப்பத்தில் எழுதலாமா? கட்டுரை வெளிவந்தால் என் பெயர் அதில் இடம்பெறுமா?

முதல் சில வாரங்கள் இப்படிக் கழிவது நியாயம். சரியாகக் கழுவப்படாத ஒரு கலம் ஒரு வாரச் சோதனையைக் கெடுத்துவிடும் என்பதைக் கையால் செய்து அறிந்தவரே பிறகு சோதனையைக் கவனமாகச் செய்வார். ஆனால் நான்கு மாதங்கள் என்பது நீண்ட காலம். இளநிலை மாணவரை ஆய்வில் சேர்ப்பதன் நோக்கம் இதுவன்று. போலராய்டு கேமராவைக் கண்டுபிடித்த எட்வின் லேண்ட், 1957இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் ஆற்றிய உரையில், முதலாண்டு மாணவருக்கே சொந்தமாக ஓர் ஆய்வுப் பணி தரப்பட வேண்டும் என்று வாதிட்டார். அங்கேயே இயற்பியல் பயின்ற மார்கரெட் மெக்விக்கர் 1969இல் அந்த எண்ணத்துக்கு ஒரு திட்டமாக வடிவம் கொடுத்தார். மாணவர் ஆசிரியரின் இளைய சக ஆய்வாளர் என்பதே அதன் அடிப்படை. பிற பல்கலைக்கழகங்கள் பின்னர் தொடங்கிய இத்தகைய திட்டங்கள் பலவற்றுக்கு அது முன்மாதிரியாயிற்று.

ஆகவே நெறியாளரிடம் நேரம் கேட்டுச் சென்று, குறையாக அல்லாமல் கேள்வியாகவே பேசுங்கள். நான் ஏற்றும் இந்த எண்கள் எந்த வினாவுக்கு விடை தேடுகின்றன, அந்த வினாவின் ஒரு சிறு பகுதியை என் பொறுப்பில் விடுவீர்களா, வாராந்தரக் குழுக் கூட்டத்தில் நான் அமரலாமா என்று கேளுங்கள். பருவ இறுதிவரை எதுவும் மாறாவிட்டால், நன்றி சொல்லிவிட்டு வேறிடம் தேடுவது முறையானதே. அதுவரை நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் என்ன செய்தீர்கள், எது ஏன் தவறியது என்று எழுதிவாருங்கள். விண்ணப்பம் எழுதும் நாளில் அதைவிடப் பயனுள்ள ஆவணம் உங்களிடம் வேறு இருக்காது. செய்ததைச் செய்தபடியே எழுதுங்கள். 'தரவுப் பதிவில் உதவினேன்' என்பதை 'ஆய்வை வடிவமைத்தேன்' என்று உயர்த்தினால், நேர்காணலின் இரண்டாவது கேள்விக்கு அது தாங்காது.

பெயர் குறித்த கேள்விக்கு வருகிறேன். மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் கூடி வகுத்த நெறிமுறை நான்கு நிபந்தனைகளை வைக்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவைத் திரட்டுவதிலோ ஆராய்வதிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதிலோ சீர்தூக்கித் திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்றல். நான்கும் சேர்ந்து நிறைவேற வேண்டும். எண்களை ஏற்றியவருக்கு நன்றியுரையில் இடம் உண்டு. ஆசிரியர் வரிசையில் இடம் கிடைப்பது அரிது. இதைக் கட்டுரை எழுதத் தொடங்கும் முன்பே கேட்டுத் தெளிவது இரு தரப்புக்கும் நல்லது.

கேள்வி: நான் மூன்றாம் ஆண்டு வரலாற்று மாணவி. வெளிநாட்டு உதவித்தொகை ஒன்றுக்கான தன்விளக்கக் கட்டுரையின் வரைவை எங்கள் ஆலோசகரிடம் கொடுத்தேன். அவர் ஒரு சொல்லைக்கூடத் திருத்தாமல், ஓரத்தில் பதினொரு கேள்விகளை மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். கடைசி நாளுக்கு மூன்று வாரங்களே உள்ளன. கட்டணம் பெற்றுக்கொண்டு எழுதித்தரும் நிறுவனங்களையோ செயற்கை நுண்ணறிவுச் செயலிகளையோ நாடுவது தவறா?

உங்கள் ஆலோசகர் தம் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார். நேரம் நெருங்கும்போது அது உதவி மறுப்பாகத் தோன்றுவதை நான் உணர்கிறேன். பல மாணவர்கள் என் அறையிலிருந்தும் அந்த முகத்தோடுதான் எழுந்து போயிருக்கிறார்கள்.

முதலில் விதியைப் பார்ப்போம். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பயில்வதற்காக 1902இல் எழுந்த ரோட்ஸ் உதவித்தொகை, தன்விளக்கக் கட்டுரை முழுவதும் விண்ணப்பதாரரின் சொந்த எழுத்தே என்ற உறுதிமொழியைக் கேட்கிறது. அங்கே ஆலோசகர் உங்கள் வாக்கியத்தைத் திருத்தினால்கூட அந்த உறுதிமொழி பொய்யாகிவிடும். வேறு சில திட்டங்கள் ஆலோசகரின் கருத்துரையை அனுமதிக்கின்றன. எதற்கு விண்ணப்பிக்கிறீர்களோ அதன் விதியை, குறிப்பாகச் செயற்கை நுண்ணறிவு பற்றிய பகுதியை, வரிவரியாகப் படியுங்கள். எழுதித்தரும் நிறுவனத்தைப் பொறுத்தவரை தயக்கத்துக்கே இடமில்லை: பிறர் எழுதியதை உங்கள் பெயரில் அனுப்புவது ஏமாற்று.

விதி இருக்கட்டும், இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. நீங்கள் அனுப்பிய வரைவின் முதல் வாக்கியம், 'சிறுவயது முதலே வரலாற்றின்மீது எனக்குத் தீராத ஆர்வம் உண்டு' என்பது. தெரிவுக் குழுவின் மேசையில் இருக்கும் கட்டுரைகளில் எத்தனையோ இப்படித்தான் தொடங்கும். உங்கள் ஆலோசகர் அதன் ஓரத்தில், 'எந்த ஆவணத்தைப் படித்தபோது?' என்று கேட்டிருக்கிறார். அதே வரைவின் மூன்றாம் பக்கத்தில், பழைய துறைமுகப் பதிவேடு ஒன்றில் ஆண்களின் தொழில் எல்லாம் குறிக்கப்பட்டிருக்க, பெண்களுக்குரிய கட்டம் மட்டும் பக்கம் பக்கமாக வெறுமையாக இருந்ததைப் போகிறபோக்கில் சொல்லிச் செல்கிறீர்கள். அந்தப் பெண்கள் வேலையே செய்யவில்லையா, அல்லது எழுதியவருக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லையா? இந்த ஐயம் உங்களுடையது. இதை எந்த நிறுவனமும் எந்தச் செயலியும் உங்களுக்காகக் கண்டெடுத்திருக்க முடியாது. கட்டுரை அங்கேதான் தொடங்க வேண்டும். பதினொரு கேள்விகளும் சுற்றிச்சுற்றி உங்களை அந்த வெற்றுக் கட்டத்தை நோக்கியே நகர்த்துகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடும்பத்தில் நேர்ந்த ஓர் இழப்பை இரண்டு பத்திகளில் எழுதி, பிறகு அடித்துவிட்டு, மீண்டும் சேர்த்திருக்கிறீர்கள். அது உங்கள் ஆய்வின் போக்கை உண்மையாகவே மாற்றியிருந்தால் இருக்கட்டும். குழுவின் இரக்கத்தைப் பெற அது தேவை என்று யாரோ சொன்னதால் சேர்த்திருந்தால், தயவுசெய்து எடுத்துவிடுங்கள். உங்கள் துயரத்தை அந்நியர்களின் முன் விரித்துக் காட்டும் கடமை உங்களுக்கு இல்லை. அதைக் காட்டாததால் தகுதியுள்ள ஒருவரை நிராகரிக்கும் குழுவை நான் பார்த்ததில்லை.

தன்விளக்கக் கட்டுரையையும் ஆய்வு முன்மொழிவையும் தனித்தனியே கேட்கும் திட்டங்களில் இரண்டையும் கலந்துவிடாதீர்கள். முந்தையது நீங்கள் எவ்வாறு இந்த வினாவுக்கு வந்து சேர்ந்தீர்கள் என்பதைச் சொல்வது. பிந்தையது அந்த வினாவை எந்த ஆவணங்களைக் கொண்டு, யாருடைய வழிகாட்டுதலில், எவ்வளவு காலத்தில் ஆராய்வீர்கள், அதை ஏன் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் செய்ய வேண்டும் என்பதைச் சொல்வது. மூன்று வாரங்கள் போதும். பதினொரு கேள்விகளுக்கும் பேச்சுநடையில் பதில் எழுதி, பழைய வரைவைப் பாராமல் புதிதாகத் தொடங்குங்கள். முடித்ததும் உரக்கப் படியுங்கள். நீங்கள் பேசாத சொல் எதிர்ப்பட்டால் நாக்கே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: பரிந்துரைக் கடிதம் கேட்டபோது, 'நீயே எழுதிக் கொண்டுவா, கையொப்பமிடுகிறேன்' என்கிறார் பேராசிரியர். என்ன செய்வது?

நீங்கள் எழுதாதீர்கள். நல்ல பரிந்துரைக் கடிதத்தின் வலிமை, 'நான் கற்பித்த மாணவர்களுள் இவர் எங்கே நிற்கிறார்' என்ற ஒப்பீட்டில் இருக்கிறது. அந்த ஒப்பீட்டை நீங்கள் எழுத முடியாது, எழுதினாலும் கூச்சத்தால் மங்கிவிடும். மறுப்பாகத் தெரியாதவாறு, 'ஐயா, உங்களுக்கு உதவியாக ஒரு பக்கக் குறிப்பு தருகிறேன்' என்று சொல்லி, அவரிடம் பயின்ற பாடங்கள், எழுதிய கட்டுரையின் தலைப்பு, அதில் அவர் எழுதிய குறிப்புரை, அதன்பின் நீங்கள் திருத்திக்கொண்டது, திட்டத்தின் நோக்கம், கடைசி நாள் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். அப்படியும் அவர் மறுத்தால், ஆலோசனை அலுவலகத்தில் சொல்லி வேறொருவரைத் தேடுங்கள். இனிமேல் கேட்கும்போது 'கடிதம் தருவீர்களா' என்று கேட்காமல், 'எனக்கு வலுவான கடிதம் எழுத உங்களால் இயலுமா' என்று கேளுங்கள். தயங்குபவர் கண்ணியமாக விலகிக்கொள்ள அது இடம் தரும். குறைந்தது ஒரு மாதம் முன்னதாகக் கேளுங்கள். உங்களை அறியாத புகழ்பெற்றவரின் நான்கு வரிகளைவிட, உங்களை அருகிருந்து பார்த்த இளம் விரிவுரையாளரின் ஒரு பக்கமே மேல்.

கேள்வி: உதவித்தொகை ஒன்றுக்குப் பல்கலைக்கழகம் தன் சார்பில் முன்மொழியும் மாணவர்களைத் தேரும் உள்தேர்வில் நான் தேர்வாகவில்லை. நேரடியாக விண்ணப்பிக்கலாமா?

திட்டத்தைப் பொறுத்தது. பிரிட்டனில் பயில அமெரிக்க மாணவர்களுக்காக 1953இல் நிறுவப்பட்ட மார்ஷல் உதவித்தொகைக்கும், அறிவியல் மாணவர்களுக்கான கோல்ட்வாட்டர் உதவித்தொகைக்கும் பல்கலைக்கழகத்தின் ஒப்புதலோ முன்மொழிவோ இன்றியமையாதது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயில்வதற்காக 2000இல் தொடங்கிய கேட்ஸ் கேம்பிரிட்ஜ் உதவித்தொகைக்கு அது தேவையில்லை. பிரிட்டனைத் தவிர எந்த நாட்டுக் குடிமகனும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். உள்தேர்வுக் குழுவிடம் காரணத்தைக் கேளுங்கள். சொல்வது அவர்கள் பொறுப்பு. கோல்ட்வாட்டரைப் பொறுத்தவரை, இரண்டாம் ஆண்டில் தவறவிட்டவர் மூன்றாம் ஆண்டில் மீண்டும் முயலலாம்.

கேள்வி: நான் விரிவுரையாளர். உதவித்தொகை ஆலோசனைப் பொறுப்பு இவ்வாண்டு என்னிடம் வந்திருக்கிறது. வெற்றி பெறக்கூடிய நான்கைந்து பேரைக் கண்டுபிடித்துப் பயிற்றுவித்தால் போதும் என்கிறார்கள். சரியா?

எனக்கு உடன்பாடில்லை. அந்த நான்கைந்து பேர் தாமாகவே உங்கள் கதவைத் தட்டுவார்கள். அவர்களுக்கு வீட்டிலோ நட்பு வட்டத்திலோ இந்த வழியைச் சொல்லியவர் ஒருவர் இருந்திருப்பார். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்தவர், மாலையில் வேலைக்குச் செல்பவர், 'இதெல்லாம் நமக்கு இல்லை' என்று அறிவிப்புப் பலகையைக் கடந்து போகிறவர் ஆகியோரே உங்கள் வேலை. ஊதியமில்லா ஆய்வுப் பணி அத்தகையவரை முதல் படியிலேயே வெளியேற்றிவிடுகிறது; ஆகவே உங்கள் முதல் கோரிக்கை துறையில் ஒரு சிறு ஊக்கத்தொகை நிதிக்கானதாக இருக்கட்டும்.

வெற்றி பெற்றவர் எண்ணிக்கையை மட்டும் ஆண்டறிக்கையில் எழுதாதீர்கள். எத்தனை பேர் முதல் வரைவோடு வந்தார்கள், எத்தனை பேர் இரண்டாம் வரைவோடு திரும்பி வந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். பருவம் தொடங்கும் வாரத்தில் முதலாண்டு வகுப்பு ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் கேட்டு வாங்கிச் சென்று பேசுங்கள். உங்கள் அறை எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில் வரலாம், வரும்போது எதுவும் முடிந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லுங்கள்.