19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியங்களில் ஆடையை வைத்தே ஒருவர் எந்த வர்க்கம் என்று சொல்லிவிட முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் சட்டையையும் கவுனையும் பார்ப்பதற்கு முன் தலையைப் பாருங்கள் என்பேன். அன்றைய பாரிஸில் உயரமான கறுப்புத் தொப்பி வசதியானவருக்கு, துணித் தொப்பி தொழிலாளிக்கு, உருண்டையான பௌலர் தொப்பி இரண்டுக்கும் நடுவில். தெருவில் வெறுந்தலையோடு போகும் பெண் அநேகமாக உழைத்துப் பிழைப்பவள்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா 1884இல் முடித்த 'அனியேரில் குளிப்பவர்கள்'. செய்ன் ஆற்றங்கரையில் சில ஆண்களும் பையன்களும் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் ஆலைப் புகைபோக்கிகள், முன்னால் பௌலரைக்கூடக் கழற்றாமல் ஒருவர் சாய்ந்து படுத்திருக்கிறார், நடுவில் இருக்கும் பையனின் பக்கத்தில் அவிழ்த்துப் போட்ட துணியும் பூட்ஸும் வைக்கோல் தொப்பியும் கிடக்கின்றன. அப்புறம் வலது பக்கம் ஆற்றைப் பாருங்கள். ஒரு சின்னப் படகு, அதில் உயரத் தொப்பி போட்டவரும் வெயில் குடை பிடித்த பெண்ணும், துடுப்புப் போடுபவர் வேறொருவர். சுமார் மூன்று மீட்டர் அகலப் படத்தில் அவர்கள் மிகச் சிறியவர்கள்தான், ஆனாலும் யார் யாரைச் சுமந்து போகிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. உழைப்பவர்களை இவ்வளவு பெரிதாகவும் இவ்வளவு கண்ணியமாகவும் வரைந்த அந்தப் படத்தை அந்த ஆண்டின் பாரிஸ் 'சலோன்' ஓவியக் கண்காட்சி நிராகரித்தது என்பது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

எதிர்க்கரைத் தீவைத்தான் அவர் அடுத்து 'கிராண்ட் ஜாட்'டில் வரைந்தார் (1884–86). அங்கே கை இல்லாத பனியனும் துணித் தொப்பியுமாகப் பைப்பில் புகை பிடிப்பவரும், கைத்தடியோடு உயரத் தொப்பிக்காரரும் ஒரே நிழலில் இருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பெரிய துணிக்கடைகளும் ஆயத்த ஆடையும் பெருகிய காலம் அது, குமாஸ்தாவும் ஞாயிற்றுக்கிழமை கனவான் போல உடுத்திக்கொள்ளலாம். கிராண்ட் ஜாட்டில் பின்பக்கம் புடைத்த பாவாடையோடு குரங்கைப் பிடித்து நிற்கும் பெண்ணை, ஒரு பணக்காரரின் ஆசைநாயகி என்றே பலர் படிக்கிறார்கள், உடையை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

அதனால்தான் அதே காலத்து இன்னொரு பிரெஞ்சு ஓவியரான தேகாவின் இஸ்திரி போடும் பெண்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். ஒருத்தி பாட்டிலைப் பிடித்தபடி வாய் பிளந்து கொட்டாவி விடுகிறாள், இன்னொருத்தி இரண்டு கையாலும் முழு பலத்தோடு இஸ்திரிப்பெட்டியை அழுத்துகிறாள். மற்ற ஓவியங்களில் கனவான்கள் போட்டுக்கொண்டு நிற்கும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை இப்படிப்பட்ட கைகளிலிருந்துதான் போனது.