தறியை விடலாமா, தோப்பை விடலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வயது 62. எட்டு விசைத்தறி, கூலிக்கு ஓட்டுகிறேன். ஓட்டுபவர் கூலி, கரண்ட், சாமான் செலவு போக மாதம் 24,000 ரூபாய் நிற்கிறது. தினம் 12 மணி நேரம் தறிக் குடோனிலேயே போய்விடுகிறது. தார் (குறுக்கு நூல் கண்டு) சுற்றுவது மட்டும் வீட்டுக்காரம்மா, அது ஒரு நாலு மணி நேரம். சேமிப்பு 15 லட்சம் இருக்கிறது. பையன் கோயமுத்தூருக்கு வரச் சொல்கிறான். சும்மா வருகிற வருமானத்தை விட மனசு வரலைங்க. பாதித் தறியை விற்றுவிட்டு மீதியை ஓட்டலாமா?
– பல்லடம் வாசகர்

பதில்: ‘சும்மா வருகிற’ என்று எழுதியிருக்கிறீர்களே, கணக்கு அங்கேதான் உதைக்கிறது. உங்கள் 12 மணி, அம்மாவின் 4 மணி, ஆக 16. மாதம் 26 நாளுக்கு 416 மணி நேரம். 24,000-ஐ அதில் வகுத்தால் மணிக்கு 58 ரூபாய். குடோனைக் காலியாக வாடகைக்கு விட்டால் 8,000 வரும் என்று வையுங்கள். அது உழைக்காமலே வருவது, ஆகவே அதையும் கழிக்க வேண்டும். மிச்சம் 16,000-க்கு மணிக்கு 38 ரூபாய்தான். நான்கு வாரத்துக்கு, நெசவுக் கணக்கு எழுதுகிற அதே நோட்டில் இரண்டு பேர் நேரத்தையும் குறித்துப் பாருங்கள். சாமான் வாங்க அலைவது, பாவு (நெடுக்கு நூல்) பிணைக்க ஆள் தேடுவது எல்லாம் சேர்ந்தால் தொகை இன்னும் இறங்கும்.

பாதியாகக் குறைப்பது தறியில் சரிப்படாது. ஓட்டுபவருக்குக் கூலி மீட்டர் கணக்கில். நாலு தறியில் அவருக்கு வாரச் சம்பளம் கட்டாது, வேறு குடோனுக்குப் போய்விடுவார். அப்புறம் 62 வயதில் நீங்களே நின்று ஓட்ட வேண்டியதுதான். எட்டையும் மொத்தமாக ஓட்டத் தெரிந்த ஒருவருக்குக் குத்தகைக்கு விடுவதே மேல். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், அட்வான்ஸ் குறைந்தது அந்த ஒரு பில்லையாவது தாங்க வேண்டும். பில் கட்டாமல் அவர் போய்விட்டால் பாக்கி உங்கள் பெயரில்தான் நிற்கும். மோட்டார் நம்பரை எல்லாம் பத்திரத்தில் எழுதுங்கள். குடோனை வேறு தொழிலுக்கு விட்டால், விசைத்தறிக்கான இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் போய்விடும். இணைப்பின் வகையை மாற்றாமல் விட்டால் அபராதமும் வரும்.

15 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். தபால் ஆபீசிலும் வங்கியிலும் உண்டு. 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 30,750 ரூபாய், அதாவது மாதம் 10,250. போட்ட நாளின் வட்டி ஐந்து வருடத்துக்கும் மாறாது. ஒரு வருடத்துக்குள் எடுத்தால் வட்டியே கிடையாது, வாங்கியதையும் கழித்துக்கொள்வார்கள். ஆகவே அதில் ஒரு லட்சமாவது போடாமல் வெளியே கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கட்டும், வட்டி அந்த அளவு குறையும். ‘நூற்றுக்கு ரெண்டு வட்டி’ என்று யாராவது வந்தால், 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு ஏமாந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தறிச் சத்தம் 90 டெசிபலுக்கு மேல். அதில் போன காது திரும்ப வராது. இத்தனை வருடம் ஓட்டியவர், கோவைக்குப் போனதும் காது பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 64 வயது. மூன்று ஏக்கர் தென்னை, 210 மரம். ஒவ்வொரு பறிப்புக்கும் நானே நின்று காய் எண்ண வேண்டியிருக்கிறது. குத்தகைக்கு விட்டால் காய்க்கு இரண்டு ரூபாய் குறைகிறது. விட்டுவிடலாமா?
– பொள்ளாச்சி வாசகி

பதில்: விட வேண்டாம் அம்மா. 45 நாளுக்கு ஒரு பறிப்பு என்றால் வருடத்துக்கு எட்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் நின்றாலும் 24 நாள். மரத்துக்கு 80 காய் வைத்தால் 16,800 காய். அதில் இரண்டு ரூபாய் என்றால் 33,600. நீங்கள் எண்ண நிற்கிற ஒரு நாளுக்கு 1,400 ரூபாய் கிடைக்கிறது. இந்த நேரத்துக்கு நல்ல விலை.

விலை இல்லாத நேரம், தினம் மடை மாற்றுகிற நேரம். சொட்டு நீர் போடுங்கள். ஐந்து ஏக்கருக்குள் இருப்பதால் வட்டாட்சியரிடம் சிறு விவசாயி சான்று வாங்கினால் 100 சதவீத மானியம் உண்டு. கோடையில் மரத்துக்கு நாளைக்கு 65 லிட்டர் வேண்டும். மணிக்கு 8 லிட்டர் விடுகிற சொட்டுவான் நாலு வைத்தால் இரண்டு மணி நேரம் மோட்டார் ஓடினால் போதும். அடிமரத்தை ஒட்டி வைக்காதீர்கள். நீர் உறிஞ்சும் வேர்கள் தள்ளித்தான் இருக்கின்றன. போர் தண்ணீரில் உப்பு படிந்து சொட்டுவான் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை பில்டரைக் கழுவி, குழாயின் கடைசி மூடியைத் திறந்து அழுக்குத் தண்ணீரை வெளியே விடுங்கள். இதைச் செய்யாத தோப்பில்தான் ‘சொட்டு நீர் உதவாது’ என்ற பேச்சு கிளம்புகிறது.

கேள்வி: முகூர்த்த மாதத்தில் பாதி நாள் விசேஷத்துக்கே போய்விடுகிறது. போகாவிட்டால் குறை சொல்கிறார்கள். என்ன செய்வது?
– கோபி வாசகர்

பதில்: இணைச்சீர், மாமன் சீர் என்று உங்கள் வீட்டார் செய்ய வேண்டிய சடங்கு இருக்கிற கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலமே போய்த் தங்குங்கள். மொய் மட்டும் என்றால் போகிறவர் கையில் கொடுத்தனுப்பலாம். கவரின் மேல் ஊர், தகப்பனார் பெயர், உங்கள் பெயர் மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். மொய் நோட்டில் பெயர் மாறி ஏறினால் அந்தக் குறையைத் தீர்க்க ஒரு வருடம் ஆகும். இழவு வீட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் போடாதீர்கள். நேரில் போய்விட்டு வாருங்கள்.