பூட்டிய வீட்டுக் கூகையும் கண்மாய் நாரையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஐயா கட்டிய வீடு வருஷத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். இரண்டாம் கட்டு மாடியில் பாம்பு சீறுவது போலச் சத்தம். ஆள் விட்டுப் பார்த்தால், வெள்ளை முகத்தோடு ஆந்தை, கூடவே குஞ்சுகள். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லாரும் வருவார்கள். ஆந்தை வீட்டுக்கு ஆகாது என்கிறார்கள். விரட்டிவிடலாமா? (வாசகி, தேவகோட்டை)

வேண்டாம் ஆச்சி. அது கூகை. சீறுவது குஞ்சுகள்தான், பசித்தாலும் பயந்தாலும் அப்படித்தான் சத்தம் போடும். எலிதான் அதற்கு முக்கிய உணவு, அதனால் வீட்டுக்கும் வயலுக்கும் நல்லதைத் தவிர வேறொன்றும் அது செய்வதில்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதோ கூட்டைக் கலைப்பதோ குற்றம் என்பதையும் பங்காளிகளிடம் சொல்லிவிடுங்கள். கூகை எல்லா முட்டையையும் ஒரே நாளில் இடாது, இரண்டு மூன்று நாள் விட்டு விட்டு இடும், முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கவும் உட்கார்ந்துவிடும். அதனால்தான் ஒரு குஞ்சு பெரிதாகவும் இன்னொன்று பஞ்சு உருண்டையாகவும் தெரிந்திருக்கும். குஞ்சு பொரித்துப் பறக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அதற்குள் படைப்பு வந்தால் அந்த ஓர் அறைக் கதவை மட்டும் சாத்திவிட்டு, அவை வந்துபோகும் சன்னலைத் திறந்தே வையுங்கள், போதும்.

அப்புறம் ஒரு உதவி. அது உட்காரும் இடத்துக்குக் கீழே கறுப்பாக, கட்டைவிரல் தடிமனில் உருண்டைகள் கிடக்கும். எச்சம் என்று கூட்டித் தள்ளிவிடாதீர்கள். செரிக்காத முடியையும் எலும்பையும் கூகை வாய்வழியே கக்கும் உருண்டை அது. குஞ்சுகள் பறந்துபோன பிறகு ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தால், அடுத்த கேள்வி கேட்டவருக்குப் பயன்படும்.

கேள்வி: விலங்கியல் முதுகலை படிக்கிறேன். ஆராய்ச்சி என்றாலே எல்லாரும் முதுமலை, ஆனைமலை என்று போகிறார்கள். இந்த வறண்ட சீமையில் ஆராய என்ன சார் இருக்கிறது? (மாணவர், காரைக்குடி)

முதலில் மேலே சொன்ன உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. கையுறை போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, இடுக்கியால் பிரித்தால் முடிக்குள்ளே சின்னச் சின்ன மண்டை ஓடுகள் உடையாமல் வரும். முன்பல் நீளமாக, வளைந்து, மஞ்சளாக இருந்து அதற்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் எலி வகை. இடைவெளியே இல்லாமல் கூரான பல் வரிசையாக இருந்தால் மூஞ்சூறு. கீழ்த்தாடைகளை இடது வலது பிரித்து எண்ணினால் எத்தனை உயிர் என்பது தெரிந்துவிடும். பூட்டிய வீடுகள் இத்தனை உள்ள ஊரில் வயல் ஓரத்துக் கூகை என்ன தின்கிறது, ஊர் நடுவில் உள்ளது என்ன தின்கிறது என்று ஒப்பிட்டாலே நல்ல ஆய்வேடு ஆகும், இதற்கு ஆனைமலை தேவையில்லை.

அடுத்தது கண்மாய். நத்தைகுத்தி நாரையைப் பார்த்திருப்பீர்கள், அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். குஞ்சில் அலகு நேராகத்தான் இருக்கும், வளர வளரத்தான் அந்த இடைவெளி வரும். நத்தை ஓட்டை நொறுக்காமல், கீழ் அலகின் நுனியை உள்ளே விட்டு, தசையை அறுத்துச் சதையை மட்டும் இழுத்துவிடும். ஆக, நாரை கண்மாயில் இறங்குகிறதா இல்லையா என்பதில் தண்ணீர், நத்தை, பக்கத்து வயலில் அடிக்கும் மருந்து எல்லாம் கலந்து கிடக்கிறது. அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் உங்கள் வேலை. நான்கைந்து கண்மாயைத் தேர்ந்தெடுங்கள். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பதினைந்து நிமிடம் நின்று எண்ணுங்கள். நீர்மட்டம், மரம், சுற்றி என்ன விளைகிறது, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒன்றுமே இல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுதுவதுதான் ரொம்ப முக்கியம், பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். ஐப்பசி மழை பொய்க்கும் வருஷமும் உண்டு, கொட்டும் வருஷமும் உண்டு, ஒரே வருஷத்தை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

கணக்கை இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள். 2023-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை அதில் 30,000 பேர் பதிந்த சுமார் 3 கோடிப் பதிவுகளிலிருந்து 942 இனங்களை மதிப்பிட்டது. பொங்கலை ஒட்டி நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-லிருந்து தமிழ்நாட்டில் நடக்கிறது, அதிலும் சேருங்கள். பதிவால் என்ன ஆகும் என்றால், மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியைப் பாருங்கள். 193 ஹெக்டேர், சுமார் 250 பறவை இனம், தேவாங்கு, அலங்கு (எறும்புதின்னி) என்று பட்டியல் இருந்ததால்தான் 2022-ல் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலம் ஆனது. 2024-ல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது மக்கள் திரண்டார்கள், 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஜெயித்தது மக்கள் போராட்டம். ஆனால் என்ன இழக்கப் போகிறோம் என்று காட்ட அவர்கள் கையில் பட்டியல் இருந்ததே! நம் கண்மாய்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

கேள்வி: கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்று வருஷாவருஷம் பேப்பரில் வருகிறது. ஒரு நாள் சத்தத்தால் பறவைக்கு என்ன ஆகிவிடும்? (வாசகர், சிங்கம்புணரி)

நாளைப் பாருங்கள். தீபாவளி வருவது ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழைக்குக் கண்மாய் நிறைந்து நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும் காலத்தில். வெடிச் சத்தத்துக்குத் தாய்ப்பறவை எழும்பினால் முட்டையும் குஞ்சும் திறந்து கிடக்கும், காக்கைக்கும் பருந்துக்கும் சில நிமிடம் போதும். திரும்பத் திரும்பக் கலைத்தால் கூட்டையே விட்டுவிட்டுப் போய்விடும். கொள்ளுக்குடிப்பட்டிப் பறவைகள் இருக்கும் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் மொத்தமே 38.4 ஹெக்டேர், அறிவித்தது 1977-ல், ஊரை ஒட்டியே இருக்கிறது. அந்தச் சனங்கள் பட்டாசை விட்டுக்கொடுக்காவிட்டால் வேலி போட்டும் பயனில்லை. பிள்ளைகளின் ஆசையைக்கூட அடக்கி அவர்கள் இதைச் செய்கிறார்கள், அதற்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

கேள்வி: எங்கள் கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. பஞ்சாயத்தில் வெட்டப் போகிறார்கள். அதில் கொக்குக் கூடுகள் இருக்கின்றன. தடுக்க வேண்டுமா? (வாசகர், கண்டனூர்)

தடுக்க வேண்டாம், தள்ளிப்போடச் சொல்லுங்கள். அமெரிக்கக் கண்டத்து மரம் அது, நம் செடிகளை வளரவிடாமல் கண்மாயை அடைத்துக்கொள்கிறது, எடுக்க வேண்டியதுதான். ஆனால் கூட்டில் குஞ்சு இருக்கும்போது வேண்டாம். குஞ்சுகள் பறந்து தண்ணீர் வற்றிய பிறகு வெட்டட்டும், அதையும் பகுதி பகுதியாக. முதலில் கூடு இல்லாத பக்கம் வேரோடு எடுத்துவிட்டு அங்கே நாட்டுக் கருவேலங்கன்று நட்டு, அது கூடு தாங்கும் அளவுக்கு வளர்ந்த பிறகு மிச்சத்தில் கை வைக்கலாம். பஞ்சாயத்துக் கூட்டத்துக்குப் போகும்போது எந்த மரத்தில் எத்தனை கூடு என்று எண்ணி ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், வாயால் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.