களிமண் ஆற்றடிக்கு மணல் கணக்கு ஒத்துவராது

கேள்வி: மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு சிற்றாற்றுக்கு ஹெக்-ராஸ் என்ற ஆற்றோட்டக் கணினி நிரலில் அரிப்பு மாடல் போடுகிறேன். அடியெல்லாம் களிமண். ஒரே மழையில் அரை மீட்டர் அரிந்துபோவதாக மாடல் காட்டுகிறது. நேரில் பார்த்தால் அப்படி எதுவும் இல்லை. என்ன தவறு?

பதில்: அரை மீட்டர் என்றாலே மணல் சமன்பாட்டின் மேல்தான் சந்தேகம் வரும். மணல் தன் எடையால் நிற்கிறது, களிமண் ஒட்டுதலால் நிற்கிறது. துகள் அளவு 0.004 மி.மீ. என்று கொடுத்தால் மணல் சமன்பாடு அதைத் தூசியாக எண்ணி அள்ளிக்கொண்டு போய்விடும். நிரலின் கோஹீசிவ் (ஒட்டும் மண்) பகுதியில், அத்தகைய மண்ணுக்கான க்ரோன்-பார்த்தெனியாடிஸ் முறைக்கு மாற்றுங்கள். அரிப்பு தொடங்கும் ஷியர் ஸ்ட்ரெஸ் (ஓடும் நீர் அடியின் ஒரு சதுர மீட்டரை உரசி இழுக்கும் விசை), அதைத் தாண்டியபின் அரிபடும் வேகம் ஆகிய இரண்டும் அதற்கு வேண்டும்.

அடுத்து, கையாலேயே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆழம் 1.5 மீட்டர், நீர்மட்டச் சரிவு 0.0005 என்றால் ஷியர் ஸ்ட்ரெஸ் 7.4 பாஸ்கல். இதில் பெரும்பங்கு புல்லிலும் வளைவிலும் மேடுபள்ளத்திலும் செலவாகிவிடும். ஆற்றின் மேனிங் எண் (சொரசொரப்பின் அளவு) 0.035, வெறும் களிமண் பரப்புக்கு 0.020 என்றால், 0.020-ஐ 0.035-ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, 7.4-ஐ அதனால் பெருக்குங்கள். களிமண்ணைத் தொடுவது 2.4 பாஸ்கல்தான். மண் 1 பாஸ்கல் வரை தாங்கும், அதற்குமேல் ஒரு பாஸ்கலுக்கு விநாடிக்கு 0.0002 மி.மீ. அரியும் என்று வைத்தால், 7.4-க்கு மணிக்கு 4.6 மி.மீ., 2.4-க்கு 1 மி.மீ. எப்படிப் பார்த்தாலும் அரை மீட்டர் வராது.

இந்த மண் எண்கள் 2001-இல் ஹான்சனும் சைமனும் அமெரிக்க மத்திய மேற்கு ஓடைகளிலிருந்து எடுத்த உறவை ஒட்டியவை. பினாங்குக் கடலோரச் சேற்றுக்கு அப்படியே போடாதீர்கள். மண்ணில் நீரைப் பீய்ச்சி அரிப்பை அளக்கும் ஜெட் சோதனை செய்வதே நல்லது. மாதிரியைக் குலைக்காமல் குழாயில் எடுத்து ஈரமாகவே வையுங்கள். காய்ந்து வெடித்த களிமண் தண்ணீர் பட்டதும் தானாக உதிரும். ஆற்றுத் தண்ணீரையே பயன்படுத்துங்கள், உப்பின் அளவு ஒட்டுதலை மாற்றும். மேலே கிடக்கும் இளஞ்சேறு 0.1 பாஸ்கலிலேயே கிளம்பக்கூடும் என்பதால் அதைத் தனி அடுக்காகக் கொடுங்கள்.

கடலேற்றம் எட்டும் பகுதியில் ஷியர் ஸ்ட்ரெஸ் கணக்குக்குப் படுகையின் சரிவு உதவாது. மாடல் தரும் ஆற்றல் சரிவை, அதாவது நீரின் ஆற்றல் தூரத்தோடு குறையும் வீதத்தை, எடுங்கள்.

மாடலைச் சரிபார்க்கக் கலங்கல் அளவை மட்டும் நம்ப வேண்டாம். மலைச்சரிவுக் கட்டுமான மண்ணும் அதில் கலந்திருக்கும். பெருமழைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் எடுத்த குறுக்குவெட்டு அளவீடுகளே சாட்சி. கட்டிகட்டியாகப் பெயரும் அரிப்புக்கான எல்லையைக் கடைசியில் தொடுங்கள். முதலிலேயே அதைத் திருகினால் மற்ற எண்களின் பிழை அதற்குள் ஒளிந்துகொள்ளும்.