லொட்ஜும் சாப்டரும்: பிறீமேசன் அமைப்புகளின் தோற்றம் குறித்த கேள்விகளும் பதில்களும்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளைத் திருத்தும்போது றங்குப் பெட்டிகளுக்குள்ளிருந்து சில வேளைகளில் பிறீமேசன் சபையைச் சார்ந்த, அதாவது சடங்குகளும் படிநிலைகளும் கொண்ட ஒரு சகோதரத்துவச் சங்கத்தைச் சார்ந்த, பதக்கங்களும் பத்திரங்களும் வெளிப்படுகின்றன. அவை தொடர்பாக எங்கள் உள்ளூர் வரலாற்று வட்டத்திற்கு வந்த கேள்விகளுக்குப் பதிலளிக்கும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டது. நான் அந்தச் சபையின் உறுப்பினன் அல்லன். காலனித்துவக் காலச் சங்கங்களின் பதிவேடுகளை வாசித்து வருபவன் என்ற அளவிலேயே எழுதுகிறேன்.

வண்ணார்பண்ணையிலிருந்து: லொட்ஜ் என்பதும் சாப்டர் என்பதும் ஒன்றுதானா?

இல்லை. அடிப்படை அமைப்பு லொட்ஜ் ஆகும். ஒருவர் அங்கே மூன்று படிகளைக் கடந்த பிறகே, ரோயல் ஆர்ச் எனப்படும் நிலைக்குரிய சாப்டரில் சேரலாம். லொட்ஜில் ஒருவரையொருவர் சகோதரர் என்றும் சாப்டரில் தோழர் என்றும் அழைத்துக்கொள்வர்.

இந்த இரட்டை ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1717இல் இலண்டனில், லொட்ஜுகளுக்குத் தலைமையமைப்பான கிராண்ட் லொட்ஜ் முதன்முதலாகத் தோன்றியது என்பது சபையின் மரபான கணக்கு. அது 1721ஆக இருக்கவேண்டும் என்று அண்மைக்கால ஆய்வாளர் சிலர் வாதிடுகின்றனர். பின்னர் அதற்குப் போட்டியாக இன்னொரு கிராண்ட் லொட்ஜ் எழுந்தது. ரோயல் ஆர்ச்சை உயிர்நிலையாகக் கொண்டாடிய தரப்பும், அதை மேலதிகமான ஒன்றாகக் கருதிய தரப்பும் 1813இல் இணைந்தபோது, படிகள் மூன்றே, அவற்றிற்கு மேல் இல்லை, ஆனால் ரோயல் ஆர்ச்சும் அவற்றுள் அடங்கும் என்று எழுதி வைத்தனர். உடன்படிக்கைகளின் வாசகங்களைப் படித்துப் பழகிய நமக்கு, இரு தரப்பும் தத்தமக்கு ஏற்றபடி பொருள்கொள்ள இடம்விடும் இத்தகைய எழுத்து புதியதன்று.

மானிப்பாயிலிருந்து: விரும்பியவர்கள் சிலர் கூடி ஒரு சாப்டரைத் தொடங்கிவிட முடியுமா?

முடியாது. தொடங்க விரும்பும் தோழர்கள் ஒரு விண்ணப்பம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஆங்கிலேய முறையில் சாப்டர் தனித்து நிற்பதில்லை. ஒரு லொட்ஜுடன் இணைக்கப்பட்டு அதன் எண்ணையே தானும் தாங்கும். ஆகவே அந்த லொட்ஜின் சம்மதமும் வேண்டும். விண்ணப்பம் சபையின் மாவட்ட அதிகாரிகள் ஊடாக இலண்டனுக்குப் போய், அங்கிருந்து சாசனம் வந்த பிறகு, அதிகாரம் பெற்ற ஒருவர் நேரில் வந்து பிரதிட்டைச் சடங்கை நடத்துவார். தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் அந்தச் சடங்கில் இடம்பெறும். சாசனத்தை உரத்து வாசித்து, மூன்று தலைவர்களை ஆசனத்தில் அமர்த்துவர். அவர்களுக்குரிய பெயர்கள் விவிலியத்தில் வரும் செருபாபேல், ஆகாய், யோசுவா என்பன. செயலாளருக்கு எஸ்றா என்று பெயர். பாபிலோனிலிருந்து திரும்பிய யூதர்கள் எருசலேம் ஆலயத்தை மீளக் கட்டிய கதையே சடங்கின் பின்னணியாக இருப்பதால் இப்பெயர்கள் வந்தன.

இலங்கையில் ஆங்கிலேய, ஸ்கொத்லாந்து, அயர்லாந்து முறைகள் மூன்றும், அந்தந்த நாட்டுத் தலைமையமைப்பின் கீழ், அருகருகே இயங்கிவந்துள்ளன என்பதை மறக்கக் கூடாது. கொழும்பில் 1838இல் தோன்றிய சென். ஜோன்ஸ் லொட்ஜ், எண் 454, ஆங்கிலேய முறையைச் சார்ந்தது; 1861இல் தோன்றிய ஸ்பிங்ஸ் லொட்ஜ், எண் 107, அயர்லாந்து முறையைச் சார்ந்தது. அயர்லாந்து சாப்டரில் கதையே வேறு: யோசியா அரசன் காலத்தில் ஆலயம் பழுதுபார்க்கப்பட்டதை அவர்கள் நடிக்கின்றனர், தலைவர்களின் பட்டங்களும் மாறிவிடும். எனவே கையில் ஒரு தாள் கிடைத்தால், அது எந்த முறையைச் சார்ந்தது என்பதைத் தீர்மானிக்காமல் அடுத்த அடி வைப்பது வீண்வேலை.

கரவெட்டியிலிருந்து: மலாயா றெயில்வேயில் வேலைசெய்து ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பிய என் அப்பப்பாவின் பெட்டியில், வெள்ளைத் தோலில் செய்த ஏப்ரன் ஒன்றும், எண்கள் விசித்திரமாக உள்ள ஒரு பத்திரமும் உள்ளன. இவற்றிலிருந்து எதை அறியலாம்?

நிறைய அறியலாம். முதலில், கூட்டங்களில் உறுப்பினர் இடுப்பில் கட்டும் அந்த ஏப்ரனை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஆங்கிலேய முறையில், வெறும் வெள்ளையாக இருந்தால் அவர் முதற்படியில் நின்றவர். கீழ்மூலைகளில் இரண்டு நீலப்பூ முடிச்சுகள் இருந்தால் இரண்டாம் படி. இளநீலக் கரையும், மடிப்பில் ஒன்றுமாக மூன்று முடிச்சுகளும், இருபுறமும் தொங்கும் வெள்ளிநிறச் சங்கிலிக் குஞ்சங்களும் இருந்தால் மூன்றாம் படியை முடித்தவர். குஞ்சம் ஒவ்வொன்றிலும் ஏழு சங்கிலிகள் இருக்கும். முடிச்சுகளுக்குப் பதிலாக, தலைகீழாகத் திருப்பிய ஆங்கில 'ரீ' (T) எழுத்தைப் போன்ற உலோகச் சின்னங்கள் பொருத்தப்பட்டிருந்தால், உங்கள் அப்பப்பா லொட்ஜின் தலைவராக இருந்தவர் என்று துணிந்து சொல்லலாம். கரை நீலமாக மட்டும் இல்லாமல் செந்நிறமும் நீலமும் முக்கோணப் பற்களாகக் கோத்த வடிவில் இருந்து, மடிப்பில் மூன்று 'ரீ' எழுத்துகள் ஒட்டிநிற்கும் சின்னமும் காணப்பட்டால், அது லொட்ஜுக்குரியதன்று, சாப்டருக்குரியது.

பத்திரத்தில் உள்ள விசித்திர எண்கள் பெரும்பாலும் ஆண்டுக் கணக்காகவே இருக்கும். உலகம் படைக்கப்பட்டதாகக் கருதிய காலத்திலிருந்து எண்ணும் வழக்கப்படி, கிறித்து ஆண்டுடன் 4000ஐக் கூட்டி எழுதினர். 5912 என்று கண்டால் 1912 என்று வாசியுங்கள். லொட்ஜின் எண்ணையும் பெயரையும் கவனமாகப் பார்த்தெழுதிக்கொள்ளுங்கள். மலாயாவில் பணிசெய்தவர் என்பதால், பினாங்கில் 1809இல் தோன்றிய நெப்தியூன் லொட்ஜ், சிங்கப்பூரில் 1845இல் தோன்றிய ஸெட்லண்ட் லொட்ஜ் போன்ற பெயர்கள் வந்தால் வியப்படைய வேண்டாம். பத்திரம் பழையதானால் ஒரு பொறியும் உண்டு. 1863இல் ஆங்கிலேயப் பட்டியல் முழுவதும் புதிதாக எண்ணிடப்பட்டது. அதற்கு முந்திய தாளிலுள்ள எண்ணை இன்றைய பட்டியலில் தேடினால், தொடர்பேயில்லாத வேறொரு லொட்ஜின் வாசலில் போய் நிற்பீர்கள்.

சாவகச்சேரியிலிருந்து: விவிலியக் கதைகளை வைத்து நடத்தப்படும் சபையில் சைவர்கள் சேர்ந்திருக்க முடியுமா?

கடவுள் நம்பிக்கை ஒன்றே நிபந்தனை; எந்தச் சமயம் என்று கேட்பதில்லை, உறுதிமொழியை அவரவர் தத்தம் திருநூலின்மீது எடுக்கலாம். கொள்கை இவ்வாறு இருந்தாலும், நடைமுறை நெடுங்காலம் அதற்கு ஒத்துவரவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ஆர்க்காட்டு நவாப்பின் மகனான உம்தத்-உல்-உமரா 1770களிலேயே திருச்சிராப்பள்ளியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். இலண்டன் கிராண்ட் லொட்ஜ் அவருக்கு ஏப்ரனும் விதிநூலும் அனுப்பி வைத்தது. ஆனால் அவர் நவாப்பின் மகன். பம்பாயில் மானொக்ஜி கர்செட்ஜி என்ற பார்சி விண்ணப்பித்தபோது கதவு திறக்கவில்லை. அவர் பாரிசுக்குப் போய் அங்கே சேர்ந்து திரும்பினார். திரும்பியவரை என்ன செய்வது என்ற சங்கடத்திற்கு விடையாகவே, ஸ்கொத்லாந்து முறையின் மாகாணத் தலைவராக இருந்த ஜேம்ஸ் பேர்ண்ஸ், இந்தியர்களைச் சேர்த்துக்கொள்வதற்கென்றே 1843இல் 'மேற்கிந்தியாவின் உதயதாரகை' என்று பொருள்தரும் பெயரில் ஒரு லொட்ஜை நிறுவினார். ஒரு லொட்ஜ் ஏன் நிறுவப்பட்டது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைப்பது அரிது. யாரை உள்ளே விடுவது என்ற தகராறே பல அமைப்புகளின் பிறப்புக் காரணமாக இருந்திருக்கிறது. நமது ஊர்ச் சங்கங்கள், சனசமூக நிலையங்கள் சிலவற்றின் பழைய அறிக்கைகளைப் புரட்டியவர்களுக்கு இது விளங்கும்.

இந்துக்கள் விடயத்தில் தடை இன்னும் கடுமையாக இருந்தது. பல தெய்வ வழிபாட்டினர் ஒரே கடவுளை ஏற்பவர்களாவரா என்ற வாதத்தை முன்வைத்து வங்காளத்தில் பிரசன்ன குமார் தத்தரின் விண்ணப்பம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 1872இலேயே அவர் கல்கத்தாவில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அவர் சேர்ந்த ஆங்கர் அன்ட் ஹோப் லொட்ஜில்தான் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1884 பெப்ரவரி 19ஆம் திகதி, நரேந்திரநாத் தத்தர் என்ற இளைஞரும் சேர்ந்தார். 1897 ஜனவரியில் யாழ்ப்பாணத்திற்கு வந்து இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றி உரையாற்றிய சுவாமி விவேகானந்தர் அவரே.

குருநகரிலிருந்து: கத்தோலிக்கர் சேரக்கூடாது என்று பங்குத்தந்தை சொல்கிறார். அது பழைய சட்டம் அல்லவா?

பழையதுதான், ஆனால் கைவிடப்படவில்லை. திருத்தந்தை 12ஆம் கிளெமென்ட் 1738இல் விதித்த தடையைப் பின்வந்தவர்கள் மீண்டும் மீண்டும் உறுதிப்படுத்தினர். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் பிறீமேசன் சபையின் பெயர் நேரடியாக இடம்பெறாததால் தடை நீங்கியது என்று சிலர் கருதினர். அதே ஆண்டு நவம்பரில் வத்திக்கான், நிலைப்பாடு மாறவில்லை என்று அறிவித்தது. 2023இல் பிலிப்பைன்ஸ் ஆயர் ஒருவரின் கேள்விக்கும் அதே பதில் வழங்கப்பட்டது. உங்கள் பங்குத்தந்தை சொன்னது சரி.

நல்லூரிலிருந்து: பெண்களுக்கு இடமில்லையா?

இங்கு பேசப்படும் மூன்று முறைகளிலும் இல்லை. ஆண், பெண் இருவரையும் சேர்க்கும் தனியமைப்பு ஒன்று 1893இல் பாரிசில் தோன்றியது. அடையாற்றுப் பிரமஞான சபையால் நாம் அறிந்த அன்னி பெசன்ட் 1902இல் அதை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். பிற முறைகள் அதை அங்கீகரிப்பதில்லை.

ரொறன்ரோவிலிருந்து: இரகசியச் சபை என்கிறார்கள். அப்படியானால் உறுப்பினர் பெயர்களை எங்கே தேடுவது?

அடையாளச் சொற்களையும் சைகைகளையும் தவிர மறைக்கப்பட்டது மிகக் குறைவு. நான் புரட்டிய சங்கங்களுள் இவர்களைப் போல் தாள்களைச் சேர்த்துவைத்தவர்கள் அரிதாகவே உள்ளனர். ஒவ்வொரு லொட்ஜும் தன் உறுப்பினரின் பெயர், வயது, தொழில், சேர்ந்த திகதி ஆகியவற்றை ஆண்டுதோறும் இலண்டனுக்கு அனுப்பியது. 1751 முதல் 1921 வரையான ஆங்கிலேயப் பதிவேடுகள், கடல்கடந்த லொட்ஜுகள் உட்பட, குடும்ப வரலாற்றைத் தேட உதவும் அன்செஸ்ரி (Ancestry) இணையத்தளத்தில் உள்ளன; அயர்லாந்துப் பதிவேடுகளும் அங்கேயே உண்டு. லொட்ஜின் பிறப்பையும் இடமாற்றங்களையும் எண் மாற்றங்களையும் அறிய, ஜோன் லேன் தொகுத்த பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

நமது பெயர்களைத் தேடுவதில்தான் சிக்கல் இருக்கிறது. தந்தை பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று அறியாத எழுத்தர்கள், ஒரே ஆளை ஓர் ஆண்டு ஒரு முதலெழுத்தின் கீழும் மறு ஆண்டு இன்னொன்றின் கீழும் எழுதியிருக்கலாம். ஆகவே பெயரால் தேடுவதை விட, லொட்ஜைக் கண்டுபிடித்து அதன் பக்கங்களை வரிசையாக வாசிப்பது பயன் தரும். தொழில் நிரல் அப்போது கைகொடுக்கும்.

கோப்பாயிலிருந்து: ஒரு சாப்டருக்கு நூற்றாண்டு மலர் தொகுக்க உதவுமாறு உறவினர் கேட்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

சாசனத்திலிருந்து தொடங்குங்கள். அதில் திகதியும் நிறுவுநர் பெயர்களும் இருக்கும். அடுத்து கூட்டக் குறிப்பேடு: ஒவ்வொரு கூட்டத்தின் குறிப்பும் மறு கூட்டத்தில் உறுதிசெய்யப்பட்டுக் கையொப்பமிடப்படுவதால், எங்கே இடைவெளி விழுந்தது என்பது உடனே தெரியும். இடைவெளிகளை மூடி மறைக்கவேண்டாம். நூற்றாண்டுச் சாசனம் கோருவோர், அமைப்பு இடையறாது இயங்கியது என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். போர்க்காலத்தில் கூட்டம் நடக்காவிட்டால் அதன் காரணத்தை எழுதுவதே முறை. யப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூர் லொட்ஜுகள் மூடப்பட்டபோது, சாங்கி சிறைமுகாமில் இருந்த உறுப்பினர்கள் அங்கேயே கூடிக்கொண்டனர் என்பதும் அத்தகைய பதிவுகளாலேயே இன்று தெரிகிறது. புகழுரைகளும் வாழ்த்துச் செய்திகளும் மலரின் பாதியை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் கையொப்பமிட்ட செயலாளர்களின் பட்டியலை ஆண்டுவாரியாக அச்சிட்டாலே பின்வருவோருக்கு அது பெரிதும் உதவும்.