வாசகர் கேள்வி – பதில்: ஓர் எழுத்துக்குள் அப்பா

பண்பாடுதான் ஒருவரின் அடையாளத்தை உருவாக்குகிறது என்கிறார்கள். கோயில், திருவிழா, உடை தவிர அன்றாட வாழ்க்கையில் அதை எங்கே பார்க்கலாம்?
– வாசகர், ஓசூர்

உங்கள் கையெழுத்தில் பாருங்கள். பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, புள்ளி, பிறகு பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று பொதுவாகக் கிடையாது. இன்னாருடைய பிள்ளை என்பதற்கு ஓர் எழுத்து போதும். ஊரும் சேர்ந்தால் இரண்டு எழுத்து: சி.என்.அண்ணாதுரையில் ‘சி’ காஞ்சிபுரம் (அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டல் அப்படி), ‘என்’ நடராசன்.

பெயருக்குப் பின்னால் வந்த சாதிப் பட்டத்தை விடச் சொன்னது 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு. பெயரிலிருந்து போனது கல்யாணப் பத்திரிகையிலிருந்து முழுதாகப் போகவில்லை என்பது வேறு விஷயம்.

‘பேரன்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ‘பெயரன்’, தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். சி.வி.ராமனின் ‘சி’ அவருடைய அப்பா சந்திரசேகரய்யர். ராமனின் அண்ணன் சுப்பிரமணிய அய்யர் தன் மூத்த மகனுக்கு அந்தப் பெயரையே வைத்தார். அந்தப் பேரன்தான் 1983-இல் நோபல் பரிசு வாங்கிய விண்ணியற்பியலாளர் எஸ்.சந்திரசேகர். மகன்களுக்கு இனிஷியலாக இருந்த பெயர் பேரனுக்குச் சொந்தப் பெயராகிவிட்டது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கம் இருந்த வீடுகளில், தான் பெற்ற பிள்ளையையே அவளால் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. அதனால்தான் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர், வீட்டில் ‘ராசு’, ‘தம்பி’ என்று இன்னொரு பெயர்.

மகன் வெளிநாட்டு வேலைக்குப் போகிறான். பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ இடத்தைக் காலியாக விடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

விடலாம், தடை இல்லை. ஆனால் விடாதீர்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்கா விசா தரும்போது அந்தப் பெயரைச் சர்நேம் கட்டத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அடிக்கும். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம். அதுவே ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு என்று தொடர்ந்து வரும். ஐக்கிய அரபு அமீரகமோ 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா, விசிட் விசாக்களில் அனுமதி மறுத்தது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வதாகப் பிறகு தளர்த்தியது.

விண்ணப்பத்தில் இனிஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். செல்வத்தின் மகன் முருகன் என்றால், ‘கிவன் நேம்’ கட்டத்தில் முருகன், ‘சர்நேம்’ கட்டத்தில் செல்வம். பலர் தவறுவது இங்கேதான். இனிஷியல் முன்னால் வருகிறது என்பதால் செல்வத்தை முதல் கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். பிறகு அலுவலகம் முழுக்க உங்கள் மகனை உங்கள் கணவர் பெயரால் கூப்பிடும். விஸ்வநாதன் ஆனந்தைச் சதுரங்க உலகம் ‘விஷி’ என்று கொஞ்சுவது அவருடைய அப்பா பெயரைத்தான்.

விண்ணப்பிக்கும் முன் அப்பா பெயரின் ஆங்கில எழுத்துகளை மகனின் மதிப்பெண் பட்டியல், இருவரின் ஆதார் அட்டைகள் ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து பிசகினாலும் முதலில் ஆதாரைத் திருத்துங்கள். அண்ணன், தங்கைக்கும் அதே எழுத்துகளே இருக்கட்டும்.

பாஸ்போர்ட் ஏற்கெனவே கையில் இருந்தால் ‘ரீ-இஷ்யூ’ பிரிவில், விவர மாற்றம் என்று விண்ணப்பிக்க வேண்டும். விசா, டிக்கெட் எடுத்த பிறகு இதைத் தொடாதீர்கள். பெயர் பொருந்தாமல் விமான நிலையத்தில் நிற்க நேரிடும்.

கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்ற வேண்டுமா?
– வாசகி, சென்னை

எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை அதற்கான இடத்தில் மட்டும் சேர்த்தால் போதும். மாற்றினால் வங்கி, பான், ஆதார் என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், பட்டச் சான்றிதழ் மட்டும் பழைய பெயரிலேயே நிற்கும். மாற்றாவிட்டால் ஒரே வீட்டில் அப்பா, அம்மா, குழந்தை மூவருக்கும் மூன்று சர்நேம். குழந்தையோடு தனியாக வெளிநாடு போகும்போது அதன் பிறப்புச் சான்றிதழ் நகலைக் கையில் வைத்திருங்கள்.

குடும்பப் பெயர் இல்லாதவர்கள் நாம் மட்டும்தானா?
– வாசகர், கோவை

இல்லை. ஐஸ்லாந்திலும் பெரும்பாலும் அப்பா பெயர்தான். அதோடு மகனுக்கு ‘சன்’, மகளுக்கு ‘தோத்திர்’ சேர்ப்பார்கள். அச்சிட்ட தொலைபேசிப் புத்தகத்திலேயே சொந்தப் பெயரின் அகர வரிசைதான் இருந்தது. 1980 முதல் 1996 வரை குடியரசுத் தலைவராக இருந்த விக்டிஸ் ஃபின்பொகாதோத்திர் நாட்டுக்கே ‘விக்டிஸ்’தான். மலேசியத் தமிழர் பெயர்களின் நடுவில் வரும் ‘அ/லெ’, ‘அ/பெ’ என்பவை இன்னாரின் மகன், மகள் என்று பொருள்படும் மலாய்ச் சொற்களின் சுருக்கம். பர்மாவில் அப்பா பெயரும் கிடையாது. ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்ட் பெயரில் உள்ள ‘ஊ’வை இனிஷியல் என்று நினைத்துவிடாதீர்கள். அது நம் ‘ஐயா’ மாதிரி ஒரு மரியாதைச் சொல்.