பழைய போர்ட்ரான் மொழி நிரலைப் பல கணினிகளில் பகிர்ந்து ஓட்ட வேண்டுமென்றால், முழுவதும் திரும்ப எழுதத்தான் வேண்டுமா?

வேண்டாம். தயவுசெய்து அந்தக் காரியத்தைத் தொடங்கிவிடாதீர்கள்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடும் நிரல், எழுதியவர் ஓய்வுபெற்றுவிட்டார், இப்போது அலுவலகத்துக் கணினிகளையெல்லாம் இணைத்து அதை ஓட்டச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டத்தில் யாரோ ஒருவர் "பைத்தானில் எழுதிவிடலாம், ஆறு மாதம் போதும்" என்றும் சொல்லியிருப்பார். அவர் அந்த நிரலைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். நான் இதே இடத்தில் நின்றிருக்கிறேன்.

2008இல் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கணினிப் பிரிவில் இருந்தேன். நிலத்தடி நீரில் மாசு எப்படிப் பரவுகிறது என்று கணிக்கும் போர்ட்ரான் 77 நிரல் ஒன்று என்னிடம் வந்தது, பதினான்காயிரம் வரி. மண்ணின் ஊடுருவு திறன் இடத்துக்கு இடம் மாறும், எல்லா இடத்திலும் துளை போட்டு அளக்க முடியாது. அதனால் ரேண்டம் எண்களைக் கொண்டு மண்ணின் அமைப்பை ஒவ்வொரு முறையும் வேறு விதமாக வைத்து நூற்றுக்கணக்கான தடவை ஓட்டி, விடைகளின் பரவலைப் பார்ப்பார்கள். மான்டி கார்லோ முறை. ஒரு கணினியில் நானூறு ஓட்டம் முடியப் பதினோரு நாள் ஆகும்.

ஓர் ஓட்டத்துக்கு இன்னொரு ஓட்டத்தின் விடை தேவையில்லை. ஆகவே நிரலுக்குள் எதையும் இணையாக்க, அதாவது ஒரே ஓட்டத்தைத் துண்டாக்கிப் பல கணினிகளில் ஒரே நேரத்தில் செய்யவைக்க, வேண்டியதில்லை; நானூறு பிரதிகளை அறுபத்து நான்கு கணினிகளுக்கு அனுப்பினால் போதும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1988 முதல் வளர்ந்துவந்த காண்டர் என்ற மென்பொருள் இதற்கென்றே இருந்தது. (இன்று அதன் பெயர் எச்டிகாண்டர்.) மூல நிரலைத் தொடாமல் காண்டரின் நூலகத்தோடு (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்த எழுதிவைத்த நிரல் தொகுப்பு) மறுபடி இணைத்தாலே, வேலை பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதிகூட அன்று அதில் இருந்தது. "இதெல்லாம் உண்மையான இணைக் கணிமையே அல்ல" என்று இங்கே சிலர் எழுதுவார்கள் என்று தெரியும். பதினோரு நாள் வேலை ஒரே இரவில் முடிகிறது என்றால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

முதல் இரவு எல்லாம் குப்பையாகத்தான் வந்தது. காரணம் எளிது. நிரல் தன் இடைக்கால எண்களை ஒரே பெயருள்ள தற்காலிகக் கோப்பில் எழுதிக்கொண்டிருந்தது. அந்தக் கோப்போ பொதுவான டைரக்டரியில் இருந்தது. அறுபத்து நான்கு பிரதிகளும் ஒன்றின் மேல் ஒன்று எழுதின. ஒவ்வொரு வேலைக்கும் தனி டைரக்டரி கொடுத்ததும் சரியாயிற்று.

இரண்டாவது இரவு முடிந்ததும் விடைகள் மிக அழகாக இருந்தன. எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கு மட்டும் அந்த வரைபடம் உறுத்தியது. மெல்ல ஏறி மெல்லச் சரிய வேண்டிய பரவல், சில இடங்களில் மட்டும் கம்பம் நட்டதுபோல் நின்றது. நானூறு வெளியீட்டுக் கோப்புகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தவற்றைக் கழித்தால், வேறுபட்ட விடைகள் ஐம்பதுகூடத் தேறவில்லை.

போர்ட்ரான் 77 தரத்தில் ரேண்டம் எண் தரும் செயற்கூறு கிடையாது. அது போர்ட்ரான் 90இல்தான் வந்தது. அதனால் அந்தக் காலத்தவர்கள் தாங்களே எழுதிக்கொண்டார்கள். அது ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்குப் போட்டு அடுத்தடுத்த எண்களைத் தரும்; தொடக்க எண் ஒன்றானால் வரிசையும் ஒன்றுதான். எங்கள் நிரல் தன் தொடக்க எண்ணைக் கணினியின் கடிகாரத்திலிருந்து, நொடிக் கணக்கில் எடுத்தது. ஒரே நொடியில் தொடங்கிய பிரதிகள் எல்லாம் ஒரே எண்ணில் தொடங்கி ஒரே பாதையில் போயின. கொடுமை அதோடு நிற்கவில்லை. ஒரே கணக்கைச் செய்தவை ஒரே நேரத்தில் முடிந்தன. அதனால் அடுத்த தொகுதியும் ஒரே நொடியில் தொடங்கியது.

நிரலை எழுதிய பெரியவர் ஓய்வுபெற்று ஊரோடு போய்விட்டார். முகவரி தேடிப் போனேன். விஷயத்தைக் கேட்டதும், "தம்பி, எங்களுக்கு ஒரு நாளைக்கு ஓர் ஓட்டம் கிடைத்தால் பெரிது. ஒரே நொடியில் இரண்டு ஓட்டம் தொடங்கும் என்று நான் எப்படி நினைத்திருப்பேன்?" என்றார். அதில் என்ன தவறு? அவர் அவருடைய கணினிக்குச் சரியாகத்தான் எழுதியிருந்தார்.

வேலை எண்ணையே தொடக்க எண்ணாகக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவர் தடுத்தார். "ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுத்தடுத்துக் கொடுக்காதீர்கள். இது எளிமையான பெருக்கல் முறை. பக்கத்துப் பக்கத்து எண்ணில் தொடங்கினால் முதலில் வரும் எண்கள் ஒன்றுக்கொன்று உறவாகவே இருக்கும்." பிறகு ஒரு பழைய நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த வரிசை ஏறக்குறைய 214 கோடி எண்களுக்குப் பிறகுதான் மறுபடி சுற்றி வரும். ஓர் ஓட்டத்துக்கு ஐந்து லட்சம் எண் போதும். நானூறு ஓட்டத்துக்கு 20 கோடி. ஆகவே ஒரே வரிசையை நானூறு துண்டாக வெட்டி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துண்டைக் கொடுக்கலாம். எந்தத் துண்டின் தொடக்கத்துக்கும் நேராகத் தாவுவதற்குச் சூத்திரம் இருக்கிறது. நான் மாற்றியது மொத்தம் இருபத்து மூன்று வரி. திரும்ப எழுதியிருந்தால் இந்த மனிதரிடம் நான் போயிருக்கவே மாட்டேன். தவறான விடையை இன்னும் வேகமாகத் தந்துகொண்டிருப்போம்.

இன்றைக்குக் கன்டெய்னர் (நிரலை ஒரே பெட்டியாகக் கட்டி எந்தக் கணினிக்கும் அனுப்பும் முறை) வந்துவிட்டதே, இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கன்டெய்னரை நானும் பயன்படுத்துகிறேன். நிரலுக்கு வேண்டிய நூலகங்களை அது கூடவே கொண்டுபோகும், தற்காலிகக் கோப்பையும் பல நேரம் பிரித்துவைக்கும். ஆனால் கடிகாரத்திலிருந்து தொடக்க எண் எடுக்கும் நிரல் அதற்குள்ளும் கடிகாரத்தைத்தான் பார்க்கும்.

கணினிகள் ஒரே வகையில் இல்லையென்றால் கடைசி இலக்கங்கள் மாறும், அதற்கும் தயாராக இருங்கள். பழைய இன்டெல் வகைச் செயலிகள் தசமக் கணக்கை உள்ளே 80 பிட்டில் செய்துவிட்டு 64 பிட்டாகச் சுருக்கும். புதியவை நேராக 64 பிட்டில் செய்யும். எங்களுக்குச் சராசரிதான் முக்கியம் என்பதால் பாதிப்பில்லை. ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னுக்கு அப்படி இல்லை. துகள்கள் முடுக்கி வளையத்தை லட்சக்கணக்கான தடவை சுற்றுவதைக் கணிக்கும் சிக்ஸ்ட்ராக் என்ற போர்ட்ரான் நிரலை அவர்கள் 2004இல் தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பினார்கள். கடைசி இலக்கத்தில் வரும் சிறு வேறுபாடு சுற்றுக்குச் சுற்று பெருகி, ஒரு கணினியில் தப்பிய துகள் இன்னொன்றில் தொலைந்துபோகும். அப்படியானால் இரண்டு வீடுகளிலிருந்து வரும் விடையை ஒப்பிட்டு எப்படிச் சரிபார்ப்பது? சைன், லாக் போன்றவற்றை எங்கும் ஒரே மாதிரி வட்டமாக்கித் தரும் சிஆர்லிப்எம் என்ற கணித நூலகத்தை இணைத்துத்தான் அதைத் தீர்த்தார்கள். பிரிட்டன் வானிலைத் துறையின் தட்பவெப்ப மாதிரி ஏறக்குறைய பத்து லட்சம் வரி போர்ட்ரான். அதுவும் 2003இல் வீட்டுக் கணினிகளுக்குப் போனது. இவர்களே திரும்ப எழுதவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் தாண்டிப் போகலாம். அந்த முடிவுகளை வைத்து ஆய்வுக் கட்டுரை வந்தது. ஐந்து ஆசிரியர்கள். பெரியவர் பெயர் இல்லை. நான் இரண்டு முறை கேட்டேன். "நிரல் என்பது கருவிதானே" என்றார்கள். நன்றியுரையில் "தொழில்நுட்ப உதவி" என்று இரண்டு சொல், யாருடைய பெயரும் இல்லாமல். எனக்குப் பதவி உயர்வு நேர்காணலில் கட்டுரை எத்தனை என்று கேட்டார்கள், இல்லை என்றேன், முடிந்தது. என் விஷயத்தை விடுங்கள். பதினான்காயிரம் வரியை ஒரே ஆளாக எழுதி, ஓய்வுபெற்ற பிறகும் நோட்டை எடுத்துவைத்துச் சொல்லிக்கொடுத்தவருக்கு ஒரு வரி இடம் இல்லையா? இன்னும் ஆறவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எதையும் மாற்றுவதற்கு முன் பழைய கணினியிலேயே, தொடக்க எண்ணை நிலையாக வைத்து ஓர் ஓட்டம் ஓட்டி, அந்த விடையைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் அதோடு ஒப்பிடலாம். நிரலில் கோப்பு திறக்கும் வரிகளையும் கடிகாரத்தைக் கேட்கும் வரிகளையும் தேடிப் பட்டியல் போடுங்கள். தொடக்க மதிப்பு கொடுக்காத மாறிகள் இருக்கிறதா என்று பாருங்கள்; பழைய கம்பைலர்கள் (நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) பலவற்றில் அவை பூஜ்யமாகவே கிடைத்துவந்தன, புதியவற்றில் என்ன கிடைக்கும் என்று உறுதியில்லை. பழைய கணினி சன் நிறுவனத்தின் ஸ்பார்க் வகை என்றால், பைனரி கோப்புகளில் ஓர் எண்ணின் பைட்டுகள் அடுக்கப்படும் வரிசை இன்டெல்லில் தலைகீழாக இருக்கும். ஜிஃபோர்ட்ரான் கம்பைலரில் அதை மாற்றிப் படிக்க விருப்பத்தேர்வு உண்டு.

ஓய்வுபெற்றவரின் தொலைபேசி எண் ஓய்வூதியப் பிரிவில் இருக்கும். நாளைக்கே கேட்டு வாங்குங்கள்.